உம்மாவின் முழங்கையும் ஊசிகளும்

பத்தமடையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பாய்த்தறி இருக்கிறது. அதன்முன் தரையில் அமர்ந்துதான் உம்மா எங்கள் நால்வரையும் ஆளாக்கினார்கள். பச்சைக் கோரையைக் கத்தியால் இழை இழையாகக் கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, சாயமேற்றி, பாவு நூலுக்கு இடையே ஒவ்வோர் இழையாகச் செலுத்தி, ஒவ்வோர் இழைக்கும் ஒரு முறை அச்சை இழுத்து நெருக்க வேண்டும். நூறு எண்ணுக்கு மேற்பட்ட பட்டுப்பாய் என்றால் அது பல வார வேலை. மணமகன், மணமகள் பெயர்களைப் பாயிலேயே நெய்து தரும் வழக்கம் எங்கள் ஊருக்கே உரியது. 2013ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரெல்லாம் மகிழ்ந்தது. கூலி மட்டும் பெரிதாக உயரவில்லை என்பது வேறு கதை.

2023ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில் மேலப்பாளையத்துத் திருமணம் ஒன்றுக்காக அப்படியொரு பாய் நெய்யும் வேலை உம்மாவிடம் வந்தது. அதைத் தொடங்கிய சில வாரங்களில் வலக்கை முழங்கையின் வெளிப்புறத்தில் வலி கண்டது. முதலில் உம்மா எங்களிடம் சொல்லவில்லை. வுளூச் செய்யச் செம்பை இடக்கையால் தூக்குவதைக் கண்டுதான் எங்களுக்கு ஐயம் தோன்றியது. பிறகு பார்த்தால், தேநீர்க் கெண்டியைச் சாய்க்க முடியவில்லை, ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை, சஜ்தாவிலிருந்து கையூன்றி எழும்போது முகம் சுளிக்கிறது. கதவின் குமிழைத் திருகுவதற்குக்கூட மருமகளைக் கூப்பிட்டார்கள்.

மருத்துவர் உம்மாவின் கையை நீட்டச் சொல்லி, நடுவிரலை மேல்நோக்கி உயர்த்தச் சொல்லி, அதைத் தம் விரலால் கீழே அழுத்தினார். உம்மா "யா அல்லாஹ்" என்றார்கள். "டென்னிஸ் எல்போ" என்றார் மருத்துவர். டென்னிஸ் மட்டையைக் கண்ணாலும் காணாத எங்கள் உம்மாவுக்கு இந்தப் பெயர் பெரிய வேடிக்கையாக இருந்தது. சச்சின் டெண்டுல்கர் 2004இல் இதே நோயால் ஆட முடியாமல் போய், மறு ஆண்டு லண்டனில் அறுவை செய்துகொண்டதை வாப்பா நினைவுபடுத்தினார்கள். "அவருக்கும் எனக்கும் ஒரே வியாதியா?" என்று உம்மா கேட்டபோது எல்லோரும் சிரித்தோம்.

உண்மையில் இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடியவர்கள் அல்லர். ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1873இல் இதை முதன்முதலாக எழுதிவைத்தபோது, எழுதிப் பிழைப்பவர்களுக்கு வரும் நோயாகவே குறித்தார். வயதுவந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இது காணப்படுகிறது. நாற்பது, ஐம்பது வயதுகளில் ஆண், பெண் இருபாலருக்கும் ஏறத்தாழச் சமமாக வருகிறது. கையால் எதையேனும் இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கிவிடாமல் அதை நிமிர்த்தி வைக்கும் தசைகள் முன்கையின் பின்புறம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தசைநாண் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒட்டுகிறது. கத்தி பிடித்துக் கீறுவதும் அச்சை இழுப்பதும் ஆயிரக்கணக்கான முறை நடக்கும்போது சுமை முழுவதும் அந்தச் சிறிய ஒட்டிடத்தில்தான் இறங்குகிறது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் எங்கள் மாமிக்கும் இதே இடத்தில்தான் வலி. அவர் இன்றுவரை அதை 'வாயு' என்றே சொல்லிவருகிறார்.

அன்றே ஊசி போட்டார்கள். என்ன மருந்து என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சீட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு என்று தெரிந்தது: டிரையம்சினோலோன், அதனுடன் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டாம். வலியோடு வந்தவருக்கு வலி போக வழி செய்தார்கள், நெல்லையில் எத்தனையோ இடங்களில் நடப்பதுதான் அங்கும் நடந்தது. உம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதை மட்டும் அவர்கள் கேட்டிருக்க வேண்டும், நாங்களும் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஊசி இரத்தச் சர்க்கரையைச் சில நாட்களுக்கு உயர்த்தக்கூடியது. மறுநாள் உம்மாவுக்குத் தலை சுற்றியது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரி வந்து பார்த்தபோது அளவு 280ஐத் தாண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் அது இறங்கியது.

வலியோ மாயமாய் மறைந்தது! மூன்றாம் நாளே உம்மா தறியில் அமர்ந்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், மருந்து என்றால் இதுதான் மருந்து என்று ஊரெல்லாம் அந்த ஊசியைப் புகழ்ந்தார்கள். தெருவில் இருவர் முகவரியும் வாங்கிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. தாமிரபரணி கரை மீறியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறியது. சாயமேற்றி வைத்திருந்த கோரைக் கட்டுகளையும், பாதி நெய்த மணப்பாயையும், அரிசி மூட்டையையும் பரணில் ஏற்ற வேண்டியிருந்தது. வலியில்லாத கைதானே என்று உம்மாவும் எங்களோடு தூக்கினார்கள். நீர் வடிந்தபின் நாலைந்து நாட்கள் நனைந்த போர்வைகளையும் ஜமுக்காளங்களையும் பிழிந்து காயப்போட்டார்கள். "கை நல்லாத்தானே இருக்கு" என்ற அவர்கள் சொல் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

ஜனவரி பிறந்ததும் வலி திரும்பியது. முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. இரவில் புரண்டு படுத்தாலே விழித்துக்கொண்டார்கள்.

இம்முறை வேறொரு மருத்துவரிடம் சென்றோம். பொறுமையாகப் பேசுபவர். இரண்டு வழிகளைச் சொன்னார். மறுபடியும் ஸ்டீராய்டு போடலாம், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாண் நலிந்துபோகும், ஆகவே தாம் அதை விரும்பவில்லை என்றார். மற்றொன்று பி.ஆர்.பி. எனப்படும் சிகிச்சை. நோயாளியின் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, சுழல் இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் நீரை மட்டும் பிரித்து, அதில் இரண்டு மூன்று மில்லி எடுத்து வலியுள்ள இடத்தில் செலுத்துவது. தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிப் பொருட்கள் சிதைந்த தசைநாணைச் சீராக்கும் என்பது அதன் அடிப்படை. அதற்கு அவர்கள் சொன்ன தொகை, உம்மா ஒரு மாதம் முழுவதும் நெய்தாலும் கிடைக்காதது. எங்களில் ஷார்ஜாவில் இருப்பவர், பணத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று தொலைபேசியிலேயே முடிவுகட்டிவிட்டார்.

உம்மாதான் தயங்கினார்கள். அவர்களுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது, நோன்பு வைத்துக்கொண்டு ஊசி போடலாமா? உடம்பை விட்டு வெளியே வந்த இரத்தம் அசுத்தம் ஆயிற்றே, அதையே மறுபடியும் உடம்பில் ஏற்றலாமா? எங்களில் சிலருக்கு இது தேவையற்ற தயக்கமாகத் தோன்றியது. ஆனால் அந்தத் தயக்கம்தான் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் மஹல்லாப் பள்ளி இமாமிடம் சென்று கேட்டோம். முதல் கேள்விக்கு அவர் எளிதாக விடை சொன்னார். உணவாகவோ ஊட்டமாகவோ அமையாத மருந்தைத் தசையிலோ மூட்டருகிலோ செலுத்துவதால் நோன்பு முறியாது என்பதே இக்கால அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. இரத்தம் எடுப்பதைப் பொறுத்தவரை, நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டிலும் ஹிஜாமா செய்வதால் நோன்பு முறிவதில்லை. பலவீனம் வருமென்று அஞ்சினால் இரவில் செய்துகொள்ளுங்கள், மார்க்கம் உங்களைக் கஷ்டப்படுத்தவில்லை என்றார்.

இரண்டாம் கேள்விக்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். இரத்தம் ஏற்றுவதை, தேவை இருந்து, நம்பத்தகுந்த மருத்துவரும் அதைச் சொன்னால், அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள் என்றார். பிறகு எங்களைப் பார்த்து அவரே ஒரு கேள்வி கேட்டார்: "தேவை இருக்கிறதா? இது இல்லாமலே அதே அளவு குணம் தரக்கூடிய வேறு வழி இல்லை என்று தெரிந்துகொண்டீர்களா?"

எங்களிடம் பதில் இல்லை. மருந்து தேடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலை நாங்கள் அறிவோம். தேடுவது என்றால் முதலில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வது என்றே அதுவரை பொருள் கொண்டிருந்தோம்.

எங்களில் ஒருவர் மருந்தாளுநர். அவர் இரண்டு வாரம் இரவெல்லாம் அமர்ந்து ஆய்வுகளைப் படித்தார். படித்ததை ஞாயிற்றுக்கிழமை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் தமிழில் விளக்கினார். நாங்கள் அன்று அறிந்துகொண்டதை நம் சகோதர சகோதரிகளும் அறிய வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நெதர்லாந்தில் 185 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2002இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, இன்னொரு பிரிவுக்கு இயன்முறைச் சிகிச்சை. மூன்றாம் பிரிவினர் கையைப் பேணிக்கொண்டு காத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 92 பேர் தேறியிருந்தார்கள். இயன்முறைச் சிகிச்சையில் 47, காத்திருந்தவர்களில் 32. இதோடு நிறுத்தினால் யாரும் ஊசியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஓர் ஆண்டு கழித்து மறுபடியும் பார்த்தார்கள். ஊசி போட்டவர்கள் 69ஆகக் குறைந்திருந்தார்கள். இயன்முறைச் சிகிச்சையில் 91. சும்மா காத்திருந்தவர்களில் 83!

வாப்பா இந்த எண்களை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்த மற்றோர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதில் 165 பேரில் ஒரு சாராருக்கு ஸ்டீராய்டும், மறு சாராருக்கு மருந்தே இல்லாத உப்புநீரும் ஊசியாகப் போடப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டில் உப்புநீர் பெற்றவர்களில் 96 விழுக்காட்டினர் முழுமையாகவோ பெரும்பகுதியோ தேறினார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 83 விழுக்காட்டினர். ஒருமுறை தேறியபின் வலி திரும்பியது ஸ்டீராய்டுப் பிரிவில் 54 விழுக்காட்டினருக்கு, உப்புநீர்ப் பிரிவில் 12 விழுக்காட்டினருக்கு மட்டுமே. எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே அந்த 54க்குள் இருந்தது.

இதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், நாட்பட்ட முழங்கை வலி பெரும்பாலும் அழற்சி அன்று, தசைநாணின் தேய்வு. பழைய கயிற்றில் புரிகள் பிரிந்து தளர்வதுபோல அதன் நார்கள் ஒழுங்கு கெட்டுப்போகின்றன. ஸ்டீராய்டு வலியை அடக்கும், பிரிந்த புரியை முறுக்காது. தசைநாணில் புதிய நார் உருவாவதையே அது தடுக்கக்கூடும். வலி என்ற காவலாளி உறங்கிவிட்டதால் நாமும் பாரத்தைத் தூக்கிவிடுகிறோம். பரணில் ஏறிய அரிசி மூட்டை எங்கள் அனைவர் மனக்கண்ணிலும் வந்து நின்றது.

அப்படியானால் பி.ஆர்.பி.யே சரி என்று ஷார்ஜாவிலிருந்து குரல் வந்தது. நெதர்லாந்திலேயே 100 பேரிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வை அவர் கண்டுபிடித்திருந்தார். அதில் ஓராண்டு முடிவில் பி.ஆர்.பி. பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரும், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 49 விழுக்காட்டினரும் வலி குறையப் பெற்றார்கள். மருத்துவமனைகள் காட்டும் விளம்பரத் தாள்களில் இத்தகைய ஒப்பீடுதான் இருக்கிறது.

இங்கேதான் மருந்தாளுநர் ஒரு நுட்பத்தைச் சுட்டினார். சும்மா இருப்பதைவிடவும் ஓராண்டில் பின்தங்கும் ஒன்றோடு ஓடி ஜெயித்தால் அது வெற்றியாகுமா? பி.ஆர்.பி.யை ஸ்டீராய்டோடு ஒப்பிடுவது போதாது, வெறும் உப்புநீரோடு ஒப்பிட வேண்டும். அத்தகைய ஒப்பீடுகள் உட்பட இச்சிகிச்சை பற்றிய ஆய்வுகளை ஒருங்கே திரட்டி ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு 2021இல் வெளிவந்தது. 32 ஆய்வுகள், 2,337 நோயாளிகள். நோயாளியின் சொந்த இரத்தத்தைச் செலுத்துவதும், பிரித்தெடுத்த பிளாஸ்மாவைச் செலுத்துவதும், மருந்தில்லா ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் அநேகமாகத் தருவதில்லை என்பதே அதன் முடிவு. பி.ஆர்.பி. தீங்கானது என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பெற்றவர்கள் தேறுகிறார்கள், உப்புநீர் பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறுகிறார்கள். இருவரையும் தேற்றுவது பெரும்பாலும் காலம்தான்.

போடுலினம் நச்சு என்றொரு ஊசியும் உண்டு. அது தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி வலியைக் குறைக்கும். ஆனால் சில வாரங்களுக்கு நடுவிரலை நிமிர்த்த முடியாமல் போகலாம். பாய் நெய்பவரிடம் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று அந்தத் தாளை மடித்துவைத்துவிட்டார்.

ஆக, இமாமின் கேள்விக்கு எங்களிடம் விடை கிடைத்தது. தேவை என்று சொல்ல எங்களால் முடியவில்லை. பொறுமையாகப் பேசும் அந்த மருத்துவரிடமே திரும்பிச் சென்று இதைச் சொன்னோம். கோபிப்பாரோ என்று அஞ்சினோம். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் காத்திருக்கத் தயார் என்றால் எனக்கும் அதுவே விருப்பம். காத்திருக்க யாரும் தயாராக இல்லை என்பதால்தான் ஊசியைப் பற்றிப் பேசுகிறோம்" என்றார்.

காத்திருப்பது. எவ்வளவு எளிய சொல்! தாளில் 'காத்திருந்தவர்கள்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் ஓராண்டு எப்படிச் சாப்பிட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. நெதர்லாந்தில் நோய்விடுப்புக்குச் சம்பளம் உண்டு. பத்தமடையில் ஒரு வாரம் தறி நின்றால் ஒரு வாரக் கூலி இல்லை. மேலப்பாளையத்தில் பீடி எண்ணிக்கை குறைந்தால் அன்றைய காசு குறையும். உழைக்கும் பெண்கள் விரைவாக வலி போக்கும் ஊசியைத் தேடி ஓடுவதை அறியாமை என்று நாங்கள் இனிச் சொல்ல மாட்டோம். உம்மாவைக் காத்திருக்கச் சொல்வதென்றால் அந்தக் காத்திருப்பின் விலையை நாங்கள் நால்வரும் கொடுத்தாக வேண்டும்.

பி.ஆர்.பி.க்கென்று ஷார்ஜாவிலிருந்து வந்த பணத்தை அதற்கே எடுத்துவைத்தோம். மாதந்தோறும் உம்மாவின் கூலி அளவுக்கு அதிலிருந்து அவர்கள் கையில் கொடுத்தோம். முதல் மாதம் வாங்க மறுத்தார்கள். "என் பிள்ளைகளிடம் கூலி வாங்கவா?" என்று கண்கலங்கினார்கள். இது கூலி அல்ல, மருந்துச் செலவு என்று வாப்பா சொன்னபின் வாங்கிக்கொண்டார்கள். மணவீட்டாரிடம் நேரில் போய்ப் பாய் தாமதமாகும் என்று சொன்னோம். நிக்காஹ் நாளுக்குக் கடைப்பாய் ஒன்றை வைத்துக்கொள்வதாகவும், பெயர் நெய்த பாய் எப்போது வந்தாலும் சரி என்றும் அந்தப் பெரியவர் சொன்னார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. கோரை கீறும் வேலையை எங்கள் இளையவள் எடுத்துக்கொண்டாள். முதல் மாதம் அவள் கீறிய இழைகளைப் பார்த்து உம்மா பட்ட வேதனை முழங்கை வலியைவிடப் பெரிது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் இயன்முறைப் பிரிவில் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்தோம். கருவி எதுவும் தேவையில்லை. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்குமாறு அமர வேண்டும். கையில் ஓர் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி. இடக்கையால் வலக்கையை மேலே தூக்கிவிட்டு, வலக்கையை அதன் சொந்த வலிமையால் மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பதினைந்து முறை, சற்று ஓய்வு, மீண்டும் பதினைந்து, மீண்டும் பதினைந்து. நாளைக்கு ஒருமுறை. லேசான வலி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, மறுநாள் வலி கூடியிருந்தால் புட்டியில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். முதலிரண்டு வாரம் உம்மா காலிப் புட்டியோடுதான் செய்தார்கள்.

இதனோடு சில சிறிய மாற்றங்கள். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கத் தூக்குவது. துணி பிழிவதை விட்டுவிட்டு, குழாயில் தொங்கவிட்டு வடியவிடுவது. கத்தியின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குவது. முழங்கைக்கு இரண்டு விரல் கீழே கட்டும் பட்டை ஒன்றையும் வாங்கினோம். வேலை செய்யும்போது அது ஓரளவு உதவியது, உறங்கும்போது கழற்றிவிட்டார்கள். சஜ்தாவிலிருந்து எழும்போது கை வலித்தால் நாற்காலியில் அமர்ந்து தொழச் சலுகை உண்டு என்று இமாம் சொல்லியிருந்தார். உம்மா அதை ஏற்கவில்லை, முட்டியை ஊன்றி எழப் பழகிக்கொண்டார்கள்.

2024 மார்ச் 12ஆம் நாள் ரமளான் பிறந்தது. பயிற்சியைத் தராவீஹுக்குப் பிறகு செய்தார்கள். அந்த மாதம் முழுவதும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். இருபதாம் நோன்பு வாக்கில் உம்மா மனமுடைந்து, "அந்தப் பழைய ஊசியையே போட்டுவிடுங்கள், பெருநாளைக்கு என் கையால் சமைக்க வேண்டும்" என்றார்கள். எங்களில் இருவர் சரி என்றோம். ஆறு வாரத்துக்கு மட்டும் கை தேவை, அதன்பின் வருவதை அறிந்தே ஏற்கிறேன் என்று ஒருவர் தெரிந்து தேர்ந்தெடுத்தால் அதில் தவறில்லை என்றே இன்றும் கருதுகிறோம். ஆனால் சர்க்கரை அளவை எண்ணி வாப்பா தடுத்தார்கள். அவ்வாண்டுப் பெருநாள் பிரியாணியை மருமகள் சமைத்தார். உப்பு சற்றுக் கூடுதல். யாரும் சொல்லவில்லை.

பெருநாள் கழிந்து மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, உம்மா தேநீர்க் கெண்டியை வலக்கையால் சாய்த்ததை இளையவள் பார்த்தாள். உம்மாவே அதைக் கவனிக்கவில்லை. ஆடியில் அரை மணி நேரம் தறியில் அமர்ந்தார்கள். புட்டியில் தண்ணீர் நிறைந்து, பிறகு தண்ணீருக்குப் பதில் அரிசி, பிறகு ஒரு லிட்டர்ப் புட்டி. வலி பிறந்து ஏறத்தாழ ஓராண்டு ஆனபோது, மணமக்களின் பெயர் நெய்த பாய் மேலப்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அந்த வீட்டில் மகப்பேறுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. முழங்கையில் வலிப்பதெல்லாம் டென்னிஸ் எல்போ அன்று. விரல்கள் மரத்துப்போனாலும், கழுத்திலிருந்து வலி இறங்கினாலும், மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலும், கையை மடக்கி நீட்ட முடியாவிட்டாலும் புட்டியைத் தேடாமல் மருத்துவரைத் தேட வேண்டும். ஓராண்டுக்கு மேலும் தீராத சிலருக்கு அறுவை தேவைப்படலாம். ஊசி போட நேர்ந்தால், அதில் உள்ள மருந்தின் பெயரையும், இதற்குமுன் எத்தனை முறை போட்டோம் என்பதையும் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் அடுத்த ஒரு வாரம் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரத்தில் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், ஓராண்டில் என்ன ஆகும் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அதை நாங்கள் முதல் நாளே கேட்டிருந்தால் வெள்ளத்தன்று அந்த அரிசி மூட்டையை வேறு யாராவது தூக்கியிருப்போம்.

முதல் ஊசி போட்ட இடத்தில் உம்மாவின் தோல் நிறமிழந்து, ஒரு காசு அளவு வெளுத்திருக்கிறது. ஸ்டீராய்டால் அப்படி நேர்வதுண்டு, நாளடைவில் மங்கும் என்றார்கள். இன்னும் முழுதாக மங்கவில்லை. இப்போது இடக்கை முழங்கையிலும் லேசாக வலிக்கிறதாம். ஓராண்டு காலம் எல்லாவற்றையும் இடக்கையாலேயே தூக்கியதன் பலனாக இருக்கலாம். இம்முறை உம்மா எங்களிடம் வந்து சொல்லவில்லை. சமையலறை ஜன்னலில் இருந்த அரிசிப் புட்டி காணாமல்போய், அதன் இடத்தில் ஒரு காலிப் புட்டி இருந்ததைக் கண்டுதான் தெரிந்துகொண்டோம்.